லேசர் ஆயுதமும் துப்பாக்கி ரவையும்: கொழும்பு வானம் சொல்லித்தந்த பாடம்

சில வாரங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, தெரிந்த தம்பி ஒருவர் தனது போனை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. இரவு வானத்திலிருந்து நீல நிறக் கோடு ஒன்று இறங்குகிறது; கீழே ஓர் ஊர் பற்றி எரிகிறது. "நானா, இது லேசர் ஆயுதமாம். இனி குண்டு, ரவை ஒண்டும் தேவையில்லையாம். மேல இருந்தே ஊரை எரிச்சிடுவாங்களாம். உண்மையா?" என்று கேட்டார்.

நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். அதே வாரம் வெள்ளவத்தையில் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாணவன் இதற்கு நேர்மாறாகக் கேட்டான். "சேர், லேசர் குறி தப்பாது தானே? அப்படியெண்டா இனி யுத்தத்துல பொதுமக்கள் சாக மாட்டாங்க தானே?"

ஒருவருக்குப் பயம், மற்றவனுக்கு நம்பிக்கை. இரண்டுமே அந்த ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால் வருபவை. இருவருக்கும் அன்று வாய்ப்பேச்சாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

உம்மா கேட்ட கேள்வி

கொழும்பில் என் வயதுக்காரர்கள் யாரும் 2007 ஏப்ரல் 29 ஆம் திகதி அதிகாலையை மறந்திருக்க மாட்டார்கள். பார்படோஸில் இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நாடே டீவிக்கு முன்னால் விழித்திருந்த நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் சிறிய விமானங்கள் கொலன்னாவ எண்ணெய்க் களஞ்சியத்தையும் முத்துராஜவெலப் பக்கத்திலிருந்த எரிவாயுக் களஞ்சியத்தையும் குறிவைத்து வந்திருந்தன. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். இருண்ட நகரத்தின் மேல் சிவப்புக் கோடுகள் நாலாபக்கமும் ஏறிக்கொண்டிருந்தன. நாங்கள் வாணவேடிக்கை பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தோம்.

உம்மாதான் கீழே இருந்து சத்தம் போட்டார். "மேல போறதெல்லாம் கீழ வரத்தானே வேணும்? உள்ளுக்கு வாங்க மகன்!"

எந்தப் பாடசாலைக்கும் பெரிதாகப் போகாத என் உம்மா அன்று சொன்னது பௌதிகவியல்தான். ஆயுதங்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்தக் கேள்வியை வைத்தே நான் அளந்து பார்க்கிறேன். மேலே போவது எங்கே இறங்கும்? யாருடைய தலையில்?

ரவை எப்படிக் கொல்கிறது?

துப்பாக்கி ரவையும் பீரங்கி ஷெல்லும் செய்யும் வேலை ஒன்றே. ஓர் உலோகத் துண்டில் வேகத்தை ஏற்றி, அந்த வேகத்தை இன்னொரு இடத்தில் இறக்கி வைப்பது. ஏகே 47 ரவையின் எடை ஏறத்தாழ 8 கிராம். அது குழாயை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 700 மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் அதில் இருப்பது சுமார் 2000 யூல் சக்தி. இரண்டாயிரம் வாட் மின்கேத்தல் ஒன்று ஒரு வினாடியில் எடுக்கும் சக்தி அவ்வளவுதான். கேத்தலில் அந்தச் சக்தியால் தண்ணீர் கொஞ்சம் சுடும், அவ்வளவே. ரவையோ அதை ஒரு விரல் நுனியளவு இடத்தில், ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கொட்டிவிடுகிறது. அதனால்தான் துளைக்கிறது. ஷெல்லாக இருந்தால் உள்ளே உள்ள வெடிமருந்தின் சக்தியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஆயுதத்துக்கு இரண்டு பலவீனங்கள். முதலாவது, போய்ச் சேர நேரம் எடுக்கிறது. விமான எதிர்ப்புப் பீரங்கியின் ஷெல் இரண்டு கிலோமீற்றர் தூரம் போக இரண்டு வினாடிக்கு மேல் வேண்டும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானம் அதற்குள் நூறு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்துக்குச் சுட்டுப் பயனில்லை, அது வரப்போகும் இடத்துக்குச் சுட வேண்டும். இருட்டில், நான்கு பேர் மட்டுமே அமரக்கூடிய ஸ்லின் 143 போன்ற சின்ன விமானத்துக்கு இந்தக் கணக்குச் சரியாக வருவது கடினம். அதனால்தான் அத்தனை கோடுகள் வானத்தை நிறைத்தன.

இரண்டாவது, உம்மா சொன்னது. குறி தப்பிய ரவை மறைந்து போவதில்லை. பெரிய ஷெல்களில் பல தாமாகவே வானில் வெடிக்கும்படி செய்யப்பட்டவை. அப்போதும் துண்டுகள் கீழே வரும். இயந்திரத் துப்பாக்கி ரவைகளில் அந்த ஏற்பாடு கிடையாது. நேர் மேலே போன ரவை விழும்போது காற்றின் தடையால் வேகம் குறைந்து வரும். சாய்வாகச் சுட்டது அதிக வேகத்தோடு இறங்கும். கல்யாண வீட்டிலும் பெருநாளிலும் வானத்தை நோக்கிச் சுடும் நாடுகளில், அப்படி இறங்கும் ரவைகளால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

ஒளி எப்படி வேலை செய்கிறது?

சின்ன வயதில் உருப்பெருக்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்துக் கடதாசியைக் கருக்காதவர் யார்? சக்தி ஆயுதங்களில் முதன்மையான லேசரின் அடிப்படை அதுதான். ஒளியை ஓரிடத்தில் குவித்துச் சூடாக்குவது. பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்ற அறிஞர், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றித் தனி நூல் எழுதி, ஒளி முறியும் விதியைக் கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார். ஒளியியலின் பேராசான் இப்னுல் ஹைதம் அவருக்கு அடுத்த தலைமுறை. (உடனே "லேசரைக் கண்டுபிடித்தது முஸ்லிம்கள்" என்று யாரும் பகிர்ந்துவிட வேண்டாம். லேசர் முதன்முதலில் ஒளிர்ந்தது 1960 இல், அமெரிக்காவில், தியடோர் மைமன் என்பவரின் ஆய்வுகூடத்தில்.)

லேசரின் பலம், ரவையின் முதலாவது பலவீனம் அதற்கு இல்லை என்பது. ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீற்றர் போகிறது. இரண்டு கிலோமீற்றருக்கு அது எடுக்கும் நேரம், ஒரு வினாடியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை விடக் குறைவு. விமானம் எங்கே இருக்கிறதோ அங்கேயே குறிவைக்கலாம். காற்று அடித்து விலக்காது, புவியீர்ப்பு கீழே இழுக்காது.

ஆனால் ஒளி அடிப்பதில்லை, சுடுகிறது. அதற்கு நேரம் வேண்டும். முப்பது கிலோவாட் லேசர் ஒன்று ஒரு வினாடியில் 30,000 யூல் கொடுக்கும். பதினைந்து ஏகே ரவைகளின் சக்தி. கேத்தல் கணக்கில் சொன்னால், பதினைந்து மின்கேத்தல்களின் வெப்பத்தை ஒரு சின்ன வட்டத்தில் குவிப்பது. அப்படியிருந்தும் ட்ரோனின் இறக்கையை உருக்கி ஓட்டையாக்கச் சில வினாடிகள் அதே புள்ளியில் ஒளி அசையாமல் நிற்க வேண்டும். அசையும் இலக்கில், கிலோமீற்றர் தூரத்திலிருந்து, நாணயமளவு இடத்தில். ட்ரோன் சுழன்றாலோ புகைக்குள் போனாலோ சூடு சிதறிவிடும். ஒன்றுக்கு ஐந்து வினாடி என்று வைத்தால், இருபது ட்ரோன்கள் சேர்ந்து வரும்போது நூறு வினாடி வேண்டும். கடைசி ட்ரோன் அதுவரை காத்திருக்காது.

அடுத்தது காற்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று. உப்பும் ஈரமும் கலந்த காற்று அது. மழை, மூடுபனி, தூசி, புகை எல்லாமே லேசரைத் தின்னும். வலு கூடினால் இன்னொரு சிக்கல்: லேசர் தான் போகும் வழியிலுள்ள காற்றையே சூடாக்கி, அந்தச் சூட்டால் தானே விரிந்து போகும். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கிய கொழும்பு வானத்தில் பீரங்கி வேலை செய்யும், லேசர் தடுமாறும்.

நுண்ணலை ஆயுதம் என்று இன்னொரு வகை உண்டு. இது இலக்கை உருக்குவதில்லை, உள்ளே இருக்கும் மின்சுற்றுகளைக் கெடுக்கிறது. லேசரைப் போல ஒரு புள்ளியாகப் போகாமல் விரிந்து போவதால் பல ட்ரோன்களை ஒன்றாக விழுத்தலாம். பிரித்தானிய இராணுவம் 2025 இல் இப்படியொன்றைப் பரிசோதித்து, இரண்டு ட்ரோன் கூட்டங்களை ஒரே தடவையில் விழுத்தியதாக அறிவித்தது. ஆனால் அதன் எட்டும் தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான்.

விலைக்கணக்கும் நிஜமும்

இந்த ஆயுதங்களை விற்பவர்கள் முதலில் சொல்வது விலை. பிரித்தானியா தனது 'டிராகன்ஃபயர்' லேசருக்கு ஒரு சூட்டுக்குப் பத்துப் பவுணுக்கும் குறைவு என்கிறது. மின்சாரக் கட்டணமாகப் பார்த்தால் நம்பக்கூடியதுதான். நூறு கிலோவாட் லேசர் ஐந்து வினாடி எரிந்தால் வெளியே போவது ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு. உள்ளே அதைப்போல மூன்று மடங்கு மின்சாரம் செலவானாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. ஆனால் டிராகன்ஃபயரை உருவாக்கவே சுமார் நூறு மில்லியன் பவுண் முதலிட்டார்கள். அந்தச் செலவு பத்துப் பவுண் கணக்குக்குள் வராது.

நமது அயல்நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ 2025 ஏப்ரல் 13 ஆம் திகதி கர்னூலில் முப்பது கிலோவாட் லேசரால் ட்ரோன்களை விழுத்திக் காட்டியது. அடுத்த மாதமே பாகிஸ்தானுடன் மோதல் வந்தது. எல்லையில் ட்ரோன்கள் கூட்டமாக வந்தன. அப்போது ஏவுகணைகளோடு சேர்ந்து அவற்றைச் சுட்டவை எல்-70, இசட்.யூ-23 போன்ற பல பத்தாண்டு பழைய பீரங்கிகள். பரிசோதனைத் திடலுக்கும் போர்க்களத்துக்கும் இடையில் இன்னும் தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தை வேகமாகக் கடக்கும் நாடு இஸ்ரேல். நூறு கிலோவாட் அளவிலான 'அயர்ன் பீம்' லேசர் 2025 டிசம்பர் இறுதியில் அந்நாட்டு இராணுவத்திடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2024 யுத்தத்தில் சிறிய லேசர்களால் லெபனானிலிருந்து வந்த ட்ரோன்களை விழுத்தியதாக அறிவித்திருந்தார்கள். பல்லாயிரம் டொலர் பெறுமதியான தடுப்பு ஏவுகணைக்குப் பதிலாகச் சில டொலர் மின்சாரம்.

தற்காப்பு மலிவாவதில் என்ன தவறு என்று கேட்கலாம். தனியாகப் பார்த்தால் தவறில்லை. வீட்டின் மேல் விழ வரும் ரொக்கட்டை நிறுத்துவது நல்ல காரியம். ஆனால் கேடயம் ஒரு பக்கத்திடம் மட்டும் இருந்து, அதே பக்கத்தின் மறு கையில் குண்டும் இருந்தால்? தனக்கு அடி விழாதவனுக்கு, அடிப்பதை நிறுத்தும் காரணங்களில் ஒன்று குறைந்துவிடுகிறது. காஸாவில் கொல்லப்பட்டவர்கள் 70,000 பேரைத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு 2025 நவம்பரில் அறிவித்தது. அந்த மக்கள் மீது விழுந்தவற்றில் தொள்ளாயிரம் கிலோ எடையுள்ள எம்.கே-84 குண்டும் ஒன்று. அது வியட்நாம் யுத்த காலத்து வடிவமைப்பு.

என் மாணவனுக்கான பதில் இதில் இருக்கிறது. லேசரின் ஒளி கீழே விழாது, உண்மை. ஆனால் லேசர் இறக்கையை எரித்த ட்ரோன் விழும், அது சுமந்து வந்த வெடிமருந்தோடு. 2009 பெப்ரவரி 20 ஆம் திகதி இரவு கொழும்புக்கு வந்த புலிகளின் இரண்டு விமானங்களில் ஒன்று கட்டுநாயக்கவுக்கு அருகில் வீழ்த்தப்பட்டது. மற்றது நகரின் நடுவே உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதி உயிர்களைப் பறித்தது. நகரத்தின் மேல் வந்துவிட்ட விமானத்தை எதனால் நிறுத்தினாலும் அது நகரத்துக்குள்தான் இறங்கும். உம்மாவின் கேள்வி லேசருக்கும் பொருந்துகிறது.

வதந்தி எரிக்கும் ஊர்

இனி கொட்டாஞ்சேனைத் தம்பியின் வீடியோவுக்கு வருகிறேன். 2023 ஓகஸ்டில் ஹவாய் தீவுகளின் லஹைனா நகரம் எரிந்தபோதும், 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோதும், "வானத்திலிருந்து லேசர்" என்ற கதை உலகம் முழுக்கச் சுற்றியது. லஹைனாத் தீ, அறுந்து கிடந்த மின்கம்பிகளில் மீண்டும் மின்சாரம் பாய்ந்ததால் மூண்டது என்று விசாரணையில் முடிவானது.

அந்த வீடியோ பொய் என்று தெரிந்துகொள்ள விசாரணை அறிக்கைகூடத் தேவையில்லை. இன்றைய லேசர் ஆயுதங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியாது. வானத்திலிருந்து நீலக் கோடு இறங்குவது சினிமாவில் மட்டுமே. அவற்றின் எட்டும் தூரமும் சில கிலோமீற்றர், கூடிப்போனால் பத்துக் கிலோமீற்றர். விண்வெளி அதைவிடப் பல மடங்கு தூரம். ட்ரோன் ஒன்றில் ஓட்டை போடவே இவ்வளவு சிரமப்படும் கருவியால் ஓர் ஊரை எரிப்பதை விட, ஊரை எரிக்க விரும்புகிறவனுக்குத் தீப்பெட்டி வசதியானது. திகனையிலும் அளுத்கமையிலும் எங்கள் கடைகளை எரிக்க யாரும் லேசர் கொண்டு வரவில்லை.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன நடந்தது? முஸ்லிம் ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டில் 'வந்த பெத்தி', அதாவது கருத்தடை மாத்திரை, இருந்ததாக ஒரு வீடியோ பரவியது. உணவில் கலந்து ஒருவரை மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. பின்னர் அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து, அது வெறும் மாக்கட்டி என்றார். ஆனால் அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. விஞ்ஞானப் பூச்சுப் பூசிய பொய் என்ன செய்யும் என்பதற்கு நாங்களே சாட்சி. செய்தி வந்தால் உறுதிசெய்துகொள்ளும்படி சூரா ஹுஜுராத் எங்களுக்குக் கற்பித்திருக்கிறது. எங்களுக்கு எதிரான வதந்திக்கு மட்டும் அந்தப் பாடத்தை நினைவுபடுத்திவிட்டு, எங்களுக்குப் பிடித்த வதந்தியை நாங்களே 'ஃபோர்வேட்' பண்ணுவது நியாயமா?

இன்னொரு தீமையும் உண்டு. ரகசிய ஆயுதம் என்ற கதை, கண்முன்னே நடப்பதை மறைத்துவிடுகிறது. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைக் கொன்றது சாதாரணத் துப்பாக்கி ரவைகளும் கைக்குண்டுகளும். 2009 இல் வன்னியில் தமிழ் மக்களைக் கொன்றவை ஷெல்கள். அவற்றை யார் கொடுத்தார்கள், யார் கட்டளையிட்டார்கள் என்று கேட்கலாம். வானத்து நீலக் கோட்டிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது.

சட்டமும் தீனும்

உலகம் ஒரு விடயத்தில் முந்திக்கொண்டது. மனிதக் கண்ணை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களை 1995 ஒக்டோபரில் வியன்னாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடன்படிக்கை தடைசெய்தது. 1998 இல் அது அமுலுக்கு வந்தது. ஓர் ஆயுதம் களத்தில் பரவுவதற்கு முன்பே தடைசெய்யப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆனால் ட்ரோனை நோக்கிய லேசர் தெறித்து ஒருவரின் கண்ணைப் பறித்தால், அந்தத் தடை அதைப் பிடிக்காது. அகச்சிவப்பு ஒளிக்குக் கண் இமைக்கவும் தெரியாது. பார்வை போன பிறகுதான் தெரியும். புறக்கோட்டை நடைபாதையில் லேசர் பேனா வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் இங்கே ஒரு வார்த்தை: அது விளையாட்டுச் சாமான் அல்ல, எவரது கண்ணுக்கும் நேரே பிடிக்க விடாதீர்கள்.

எங்கள் மார்க்கத்திலும் இதற்கான அளவுகோல் புதிதல்ல. யுத்தத்தில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நெருப்பால் தண்டிப்பதையும் தடுத்தார்கள். அது அல்லாஹ்வுக்கு மட்டும் உரியது என்ற ஹதீஸ் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. மின்ஜனீக் என்ற கல்லெறி பொறியைக் கோட்டைக்குள் எறியலாமா, உள்ளே அப்பாவிகள் இருந்தால் என்ன செய்வது என்று எங்கள் இமாம்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக விவாதித்திருக்கிறார்கள். ஆளில்லா ட்ரோனின் இறக்கையைச் சூடாக்குவது ஒரு விடயம். அதே கருவியை மனிதன் மீது திருப்புவது இன்னொரு விடயம். இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எங்கள் உலமாக்கள் இதைப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது, முஸ்லிம் நாடுகளும் இதே ஆயுதங்களை வாங்கவும் செய்யவும் தொடங்கிவிட்டன என்பதால்.

உம்மா இப்போது இல்லை. கொட்டாஞ்சேனையின் அந்த மொட்டை மாடியில் இன்று மாலை வேளைகளில் அயல்வீட்டுப் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். அடுத்த முறை வானத்தில் ஏதோ கோடு தெரிகிறது என்று யாராவது வீடியோ அனுப்பினால், அல்லது இனி யுத்தம் சுத்தமாக நடக்கும் என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: மேலே போவது எங்கே இறங்கும்?

எந்த ஊரின் பிள்ளைகளும் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஆகிவிடாமல் அல்லாஹ் பாதுகாப்பானாக.